பல்லில் விழும் வெண்புள்ளி: கிளிப் அணியும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

வண்ணாரப்பேட்டை என்னும் எங்கள் ஊரின் பெயரே வெள்ளைத் துணியால் வந்த பெயர். கும்பினியார் காலத்தில் கடல் கடந்து செல்லும் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பேட்டை இது. இன்றும் எம்.சி. ரோட்டுக் கடைகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க மக்கள் திரளாக வருகிறார்கள். வெண்மை என்றால் தூய்மை என்று எண்ணிப் பழகிய ஊர். ஆனால் பல்லில் தோன்றும் ஒருவகை வெண்மை தூய்மையின் அடையாளமன்று. தூய்மை தவறிப்போனதன் அடையாளம். இதை நான் என் தங்கை வீட்டில் கண்டறிந்தேன்.

தங்கையின் மகளுக்கு மேல்வரிசைப் பற்கள் முன்தள்ளி, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றும் லாரி அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதும் மைத்துனர், சீட்டுப் பணத்தை எடுத்து மகளுக்குக் கிளிப் போட்டார். இரண்டு ஆண்டுகள் சென்றன. கிளிப் கழற்றிய அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். பல்வரிசை நூல் பிடித்தாற்போல் நேராகியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும், கிளிப் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைச் சட்டம் ஒன்று தெரிந்தது. பதினாறு வயதுப் பெண், முன்பு பல் நீட்டிக்கொண்டிருந்ததை மறைக்கத் துப்பட்டாவை வாயில் வைத்துச் சிரித்தவள், இப்போது இந்தப் புள்ளிகளை மறைக்க அதே துப்பட்டாவை வாயில் வைத்தாள்.

தங்கை என்னிடம் மூன்று கேள்விகளைக் கேட்டாள். “அண்ணே, கிளிப் ஒட்டிய பசை பல்லைத் தின்றுவிட்டதா? அல்லாஹ் படைத்த பல்லை மாற்றியதால் வந்த தண்டனை என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார்களே, அது உண்மையா? இந்தப் புள்ளி போகுமா, போகாதா?”

மூன்றுக்கும் என்னிடம் உடனே விடை இல்லை. பல் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை, கிளிப் அணியும் பிள்ளைகளை உடைய பெற்றோர் அனைவருக்கும் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

பசை தின்றதா?

பல்லின் மேலுறைக்கு எனாமல் என்று பெயர். தமிழில் பற்சிப்பி என்பர். மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருள். மிகத் தடித்த இடத்திலும் இதன் கனம் 2 மில்லிமீட்டர் அளவே. எலும்பு முறிந்தால் மீண்டும் கூடும். தோல் கிழிந்தால் மீண்டும் வளரும். எனாமலுக்கு அந்த வரம் இல்லை. பல் முளைத்தபின் அதை உண்டாக்கும் உயிரணுக்கள் மறைந்துவிடுகின்றன. இருப்பதைக் காப்பது ஒன்றே வழி.

நாம் உணவு உண்ணும்போது பல்மேல் மெல்லிய படலம் படிகிறது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. 1940-களில் ஸ்டீபன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதை அளந்து காட்டினார். இனிப்பு பட்ட சில நிமிடங்களில் படலத்தின் அமிலத்தன்மை ஏறுகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை ஆகிறது. அமில காரக் கணக்கில் 5.5 என்னும் அளவுக்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்குகிறது. பிறகு உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நம் வாயில் நாள்தோறும் நடக்கிறது. வரவைவிடச் செலவு மிகுந்தால் எனாமலின் உட்பகுதி சல்லடைபோல் துளைபடுகிறது. அத்துளைகளில் ஒளி சிதறுவதால் அவ்விடம் வெள்ளையாகத் தெரிகிறது. ஈரமாக இருக்கும்போது மங்கியும், காய்ந்தால் பளிச்சென்றும் தோன்றும். இதுவே சொத்தைப் பல்லின் முதற்படி.

கிளிப் அணிந்த வாயில் ஒவ்வொரு பல்லிலும் ஒட்டிய சிறு பிராக்கெட், அதன்மேல் ஓடும் கம்பி, கட்டும் வளையம் என்று படலம் ஒளிந்துகொள்ள நூறு மூலைகள் உண்டாகின்றன. உதடும் நாக்கும் உமிழ்நீரும் வழக்கமாகச் செய்யும் துப்புரவு அங்கே எட்டுவதில்லை. குறிப்பாக, பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட சிறு நிலப்பரப்பே பெரும்பாலும் புள்ளி விழும் இடம்.

பசையின்மேல் பழி சுமத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிராக்கெட் ஒட்டுவதற்கு முன் பல்லின்மேல் சிறிது அமிலம் தடவுவது உண்மைதான். 1955-இல் புவனகோர் என்பவர் கண்ட முறை அது. ஆனால் அது தொடுவது மிக மெல்லிய மேற்படலத்தை மட்டுமே; அதையும் பசையே மூடிவிடுகிறது. பசை தின்றிருந்தால் பிராக்கெட் இருந்த இடமல்லவா வெளுத்திருக்க வேண்டும்? என் மருமகளின் பல்லில் அந்த இடம் நல்ல நிறத்தில் இருந்தது, சுற்றுப்புறமே வெளுத்திருந்தது. பசை காத்த இடம் பிழைத்தது. நாம் துலக்காத இடம் கெட்டது.

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த விபத்தும் அன்று. 1982-இல் கோரெலிக் முதலான மூவர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், கிளிப் சிகிச்சை முடித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஒரு பல்லிலாவது வெண்புள்ளி இருந்தது. கிளிப் அணியாதவர்களில் கால்பங்கினருக்கே இருந்தது. அதிகம் பாதிக்கப்பட்டவை மேல்வரிசை முன்பற்களின் இருபுறப் பற்கள். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில் ஒட்டிய கம்பியைச் சுற்றியோ புள்ளியே காணப்படவில்லை. அங்கேதான் உமிழ்நீர் ஊற்றாகப் பாய்கிறது. நார்வே நாட்டு ஆய்வாளர் ஓகார்ட், 1988-இல், துலக்காத இடத்தில் 4 வாரங்களுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும் புள்ளி தோன்றிவிடுவதைக் காட்டினார். கிளிப் மருத்துவரிடம் நாம் மாதம் ஒருமுறை செல்கிறோம். ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடையே பல் கெட்டுவிட முடியும் என்பது இதன் பொருள். ஆகவே காவல் மருத்துவமனையில் இல்லை. வீட்டுக் குழாயடியில் இருக்கிறது.

தண்டனையா?

இரண்டாவது கேள்வி மார்க்கம் சார்ந்தது. அழகுக்காகவே பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களைக் கண்டிக்கும் ஹதீஸ் உண்டு. அதை எடுத்துக்கொண்டு கிளிப் அணிவதே கூடாது என்பாரும் உளர். ஆனால் குறையை நீக்குவது வேறு. இறைவன் கொடுத்த நல்ல அமைப்பைப் பகட்டுக்காக மாற்றுவது வேறு. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்கு, வெள்ளி மூக்கு துர்நாற்றம் கொடுத்தபோது, தங்க மூக்கு அமைத்துக்கொள்ளப் பெருமானார் (ஸல்) அவர்கள் அனுமதி அளித்த செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் உள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும் குறை நீக்கத் தங்கம் அனுமதிக்கப்பட்டது. மெல்ல முடியாமலும், உதடு மூட முடியாமலும், ஊரார் கேலிக்கு ஆளாகியும் வருந்தும் பிள்ளைக்குக் கிளிப் போடுவது இந்த வகையைச் சேர்ந்தது என்பதே இன்றைய அறிஞர் பலரின் கருத்து. கழற்ற முடியாதபடி ஒட்டப்பட்ட பிராக்கெட் உளூவுக்கோ குளிப்புக்கோ தடையாகாது என்றும் அவர்கள் விளக்குகிறார்கள். கழற்றி மாட்டும் வகையாயின் கழற்றிவிட்டு வாய் கொப்பளிப்பதே முறை.

ஆகவே பக்கத்து வீட்டு அம்மா சொன்னது சரியன்று. புள்ளி விழுந்தது தண்டனையால் அன்று; அமானிதத்தைக் காக்கத் தவறியதால். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்ல வெட்கப்படுகிறேன். ஆண்டுதோறும் மதரஸாவில் மிஸ்வாக்கின் சிறப்பைப் பாடமாக நடத்துகிறவன் நான். உம்மத்துக்குச் சிரமமாகிவிடுமே என்ற இரக்கம் இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையாக்கியிருப்பார்கள் என்னும் ஹதீஸைப் பிள்ளைகள் மனனமாக ஒப்பிப்பார்கள். ஒப்பிக்கும் அந்த வாய்க்குள் ஒருநாளும் நான் பார்த்ததில்லை. என் மருமகளும் அப்படி ஒப்பித்தவளே.

பல் துலக்குவதை அறிவாக வளர்த்த சமுதாயம் நம்முடையது. கி.பி. 1013-இல் மறைந்த குர்துபா நகரத்து அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, பல்மேல் படியும் காரையைச் சுரண்டி எடுக்கும் கருவிகளை வரைபடங்களோடு தம் நூலில் விளக்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் நிறுவியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். அந்தக் கல்லூரியை அவர் ஒரு சோடாக் கடையின் வருவாயைக் கொண்டு நடத்தினார் என்பது வியப்பான வரலாறு. சோடாக் காசு அன்று பல்லைக் காத்தது. இன்று நம் பிள்ளைகள் குடிக்கும் குளிர்பானம் அதே பல்லைக் கரைக்கிறது.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

முதலாவது, பிரஷ் பிடிக்கும் முறை. பல்லின் முகத்தை மட்டும் குறுக்கே தேய்த்தால் பிராக்கெட்டின் தலைதான் பளபளக்கும். பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் இடைப்பட்ட பகுதியை முதலில் துலக்க வேண்டும். பிறகு பிராக்கெட்டின் மறுபுறம். கடைசியில் அதன் முகம். கம்பியின் அடியில் நுழைந்து செல்லச் சிறு புட்டித் துடைப்பம் போன்ற இடைப்பல் பிரஷ் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. இரவு உறங்குமுன் துலக்குவது மிக முக்கியம். உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது, பற்பசை. ஃபுளோரைடு கலந்த பற்பசையே வேண்டும். ஃபுளோரைடு, கரைந்த சத்து திரும்ப வந்து சேர உதவுகிறது. சேர்ந்த இடத்தை அமிலத்துக்கு எளிதில் மசியாததாக ஆக்குகிறது. நம் நாட்டுப் பற்பசைகளில் பத்து இலட்சம் பங்கில் 1000 பங்கு வரை ஃபுளோரைடு இருக்கலாம் என்பது சட்டம். பெட்டியின்மேல் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல்பொடிகள் பலவற்றிலும் மூலிகைப் பசைகள் சிலவற்றிலும் ஃபுளோரைடு இருப்பதில்லை. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். குடம் குடமாகக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும்.

தருமபுரிப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் ஃபுளோரைடு என்றதும் அஞ்சுவார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் மக்கள் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் 1937-இலேயே எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இதே துயரைத் தீர்க்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் அது, தாடைக்குள் பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் ஆண்டுக்கணக்காக அந்த நீரைக் குடித்ததால் வருவது. இருபுறமும் ஒத்த பற்களில் பரவலாகத் தெரிவது. பல் முளைத்து முடிந்த பிள்ளை, பட்டாணி அளவுப் பசையைத் தேய்த்துத் துப்புவதால் அது வராது.

மூன்றாவது, ஃபுளோரைடு கலந்த வாய் கொப்பளிப்பு நீர். 0.05 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு உள்ளதை, மருத்துவரைக் கேட்டு, துலக்கும் நேரம் அல்லாத வேறொரு நேரத்தில் நாள்தோறும் ஒருமுறை பயன்படுத்தலாம். விழுங்கக் கூடாது. சாராயச் சத்துக் கலவாதவையும் கிடைக்கின்றன, கேட்டு வாங்குங்கள். பிள்ளை துலக்குவதில் பின்தங்கினால், சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரே பல்மேல் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார்.

நான்காவது, தீனி. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே பல்லுக்குக் கணக்கு. ஒருவேளை உணவோடு உண்ணும் இனிப்பு ஒரு தாக்குதல். கடலை மிட்டாயைப் பையில் வைத்துக்கொண்டு மாலைவரை கொறிப்பது பத்துத் தாக்குதல். ஒட்டும் பண்டம் கம்பியையும் பெயர்க்கும். இடையில் தாகமெடுத்தால் தண்ணீரே போதும்.

மிஸ்வாக்கும் நோன்பும்

“மிஸ்வாக் இருக்கப் பிரஷ் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. உகாய் மரத்து வேரின் பயனை இக்கால ஆய்வுகளும் ஏற்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் 1986-இல் பல்குச்சி வழக்கத்தை ஊக்குவித்தது. ஆனால் மிஸ்வாக்கின் நார்கள் கம்பியின் அடியில் நுழைவதில்லை. அழுத்தித் தேய்த்தால் பிராக்கெட் பெயரவும் கூடும். ஆகவே கிளிப் அணிந்திருக்கும் காலம்வரை சுன்னத்தை நிறைவேற்ற மென்மையாக்கிய மிஸ்வாக், படலத்தை அகற்றப் பிரஷ் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே அறிவு. சுன்னத்தின் நோக்கம் வாயின் தூய்மையல்லவா?

ரமலானில் தனிக் கவனம் வேண்டும். ஸஹருக்கு உண்டுவிட்டு, இனிப்புத் தேநீர் குடித்து, பாங்கு சொல்லுமுன் ஒரு பேரீச்சம்பழத்தையும் வாயில் போட்டுக்கொண்டு படுத்துவிடும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். கம்பியில் சிக்கிய பழச்சதை, உமிழ்நீர் குறைந்த வாயில் சுமார் 13 மணி நேரம் இருக்கிறது. நோன்பாளி நண்பகலுக்குப்பின் மிஸ்வாக் செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் மக்ரூஹ் என்றும், ஹனஃபி மத்ஹபில் அவ்வாறன்று என்றும் கூறப்படுகிறது. பசையின் சுவை தொண்டையில் இறங்கிவிடும் அச்சமும் பகலில் உண்டு. எனவே ஸஹர் உணவைப் பத்து நிமிடம் முன்னதாக முடித்து, ஃபஜ்ரு பாங்குக்கு முன்பே நன்றாகத் துலக்கிவிடுவது எல்லாச் சிக்கலுக்கும் தீர்வு. நோன்பு திறந்தபின் கஞ்சி, வடை, சர்பத் என்று தராவீஹ் வரை வாய் ஓயாதிருந்தால், உறங்குமுன் மற்றொரு முறை அவசியம்.

நாளைக்கு ஐந்துமுறை வாய் கொப்பளிக்கும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு இது பெரிய சுமை அன்று. பள்ளிவாசல் ஹவுளில் உளூச் செய்கையில் கம்பியில் சிக்கிய துணுக்குகளை நன்றாகக் கொப்பளித்து அகற்றும் பழக்கத்தை உண்டாக்கினால், பாதி வேலை முடிந்தது.

புள்ளி போகுமா?

மூன்றாவது கேள்விக்கு விடை, பாதி ஆம், பாதி இல்லை. கிளிப் கழன்றதும் படலம் ஒளியும் மூலைகள் மறைகின்றன. நன்றாகத் துலக்கினால் உமிழ்நீர் சில மாதங்களில் புள்ளிகளை ஓரளவு மங்கச் செய்யும். ஆகவே கழற்றிய மறுநாளே பல்லை வெளுக்கும் மருந்துகளைத் தேடி ஓடக் கூடாது. வீரியம் மிகுந்த ஃபுளோரைடை முன்பல்லில் அப்போதே பூசுவதையும் மருத்துவர் பலர் தவிர்க்கிறார்கள். அது மேற்பரப்பை மட்டும் இறுக்கி, உள்ளே இருக்கும் வெண்மையை நிலைக்கச் செய்துவிடும். பொறுத்திருந்தும் மங்காதவற்றுக்கு, மேற்பரப்பை நுண்ணளவில் தேய்த்தெடுத்தல், துளைகளுக்குள் திரவப் பிசினைச் செலுத்தி நிரப்புதல் ஆகிய முறைகள் உள்ளன. எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. முன்னரே துலக்கியிருந்தால் இவற்றில் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

வசதி குறைந்தவர்கள் தயங்க வேண்டியதில்லை. 1953-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வண்ணாரப்பேட்டைக்கு அருகிலேயே, கோட்டை இரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கிறது. பல்சீரமைப்புக்கென்று அங்கே தனித்துறை உண்டு.

கிளிப் அணிந்திருக்கும் பிள்ளையின் தாய் தந்தையர், வாரம் ஒருமுறை, வெளிச்சத்தில் நிறுத்தி, பல்லைத் துணியால் ஒற்றிக் காயவைத்துப் பாருங்கள். ஈறு வீங்கியிருந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, பிராக்கெட் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு தெரிந்தாலோ அடுத்த மாதத் தேதிவரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்திலேயே கண்டால் தடுத்து நிறுத்தலாம்.

என் மருமகள் கிளிப் கழற்றி ஐந்து மாதங்கள் ஆகின்றன. இரண்டு பற்களில் புள்ளி நன்றாக மங்கியிருக்கிறது. மற்ற இரண்டில் அப்படியே நிற்கிறது. அவளுடைய தம்பிக்கும் பல்வரிசை சரியில்லை. கிளிப் போட அழைத்துச் சென்றபோது மருத்துவர் வாயைப் பார்த்துவிட்டு, “முதலில் மூன்று மாதம் ஒழுங்காகத் துலக்கிக் காட்டட்டும், பிறகு போடலாம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். மைத்துனருக்கு வருத்தம். எனக்கு மகிழ்ச்சி. இப்போது அவனுக்கு இரவுதோறும் துலக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பவள் அவன் அக்காதான். எங்கே பிரஷ் எட்டவில்லை என்பது அவளுக்குத் தெரிந்ததுபோல் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

மாலை மதரஸாவில் மிஸ்வாக் பாடம் முடிந்ததும், கிளிப் அணிந்த பையன்களை வரிசையாக நிறுத்தி வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். பாடம் இப்போதுதான் முழுமையடைகிறது என்று தோன்றுகிறது. நம் பிள்ளைகளின் உடலை அமானிதமாகக் காக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.